கினானா, சினானா

என் தங்கை விஜ்தானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள், நாப்லுஸ் சந்தையில் காய்கறி வண்டியைச் சாய்த்துவிட்டு இறங்கி வந்து வண்டிக்காரனிடமே வழி கேட்டவள். அதனால் அவளுடைய ஆராய்ச்சி முழுவதற்கும் நான்தான் டிரைவர். சம்பளம் கிடையாது, திட்டுவதற்கு உரிமை மட்டும் உண்டு.

நான் பல் மருத்துவர். வாயைத் திறக்க வைப்பதுதான் நம் வீட்டுப் பெண்களின் தொழில் என்று எங்கள் அப்பா இருந்தவரை கேலி செய்வார். நான் ஊசி போட்டுவிட்டுத் திறக்கிறேன். அவள் ஊசி போடாமலே திறக்கிறாள்.

அவள் போகிற வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். பிள்ளை சுடப்பட்டிருப்பான், ஆக்கிரமிப்பு இராணுவம் தூக்கிக்கொண்டு போயிருக்கும், உடல் திரும்பி வந்திருக்காது. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. விஜ்தான் முதலில் நாவல்களைத்தான் ஆராய்ந்தாள். பிள்ளையை இழந்த தாயை எங்கள் எழுத்தாளர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு தடித்த புத்தகம் போட்டாள். அப்புறம் ஒருநாள் அந்தப் புத்தகத்தையே தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

"நாவல்ல அம்மா அழுவா, கடைசிப் பக்கம் வந்துடும், மூடி வச்சுடலாம். நெசத்துல இவங்களுக்குக் கடைசிப் பக்கத்தையே குடுக்கலையே, அக்கா."

அவள் தேடியது ஒரே ஒரு வார்த்தை. 'இருந்தான்.' அந்தத் தாய்மார்கள் யாரும் 'நல்ல பிள்ளையாக இருந்தான்' என்று சொல்வதில்லை, 'நல்ல பிள்ளை' என்றுதான் சொல்கிறார்கள். அடக்கம் பண்ணிய தாய் ஒரு கட்டத்தில் 'இருந்தான்' என்கிற கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறாள்; அடக்கம் பண்ணாதவள் சேர்வதே இல்லை. மனசு உடைவது வேறு, உடைந்தது முடியாமலே இருப்பது வேறு, வெளிநாட்டுப் புத்தகங்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கின்றன என்பது அவள் வாதம். கருத்தரங்குகளில் கைதட்டினார்கள். எனக்குத்தான் எரிச்சல்.

"எரியுற வீட்டுல புடுங்குனது லாபம்னு போயிட்டு வர்றே. உனக்குப் புத்தகம் கெடைக்கும். அவங்களுக்கு என்னடி கெடைக்கும்?"

"தெரியலை," என்றாள். சாமர்த்தியமாக ஏதாவது சொல்லியிருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பேன். தெரியலை என்றதால் ஓட்டினேன்.

தெய்ர் லவ்ஸ் என்கிற மலையூரில் உம் கினான் வீட்டுக்கு அப்படித்தான் போனோம். கினானின் அம்மா. மூத்த பிள்ளை பெயரால்தான் தாயைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம் என்பதால், அவளைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஊர் அவன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. கணவன் எப்போதோ நோயில் போய்ச் சேர்ந்தவன். வீட்டில் அவளும், கல்யாணத்துக்கு நின்ற ஒரு மகளும். கினான் கல்லறுக்கும் பட்டறையில் வேலைக்குப் போனவன். ஒரு காலை, நெடுஞ்சாலைச் சந்திப்பில் சுட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனதைத் தூரத்திலிருந்து நாலு பேர் பார்த்தார்கள். முதலில் காயம் என்றார்கள். சாயங்காலம் அவனுடைய சித்தப்பாவுக்குப் போன் வந்தது: இறந்துவிட்டான். அவ்வளவுதான். உடலும் இல்லை, படமும் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

"போன்ல யார் வேணா யாரை வேணா கொல்லலாம்," என்றாள் உம் கினான் முதல் நாளே. "என் கண்ணுல காட்டட்டும், அழுவுறேன்."

துக்கம் கேட்க வருகிறவர்களுக்காகத் துக்க வீடு திறக்க மாட்டேன் என்று அவள் அடம் பிடித்ததில் ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பாதி ஊர் அவளைப் பைத்தியம் என்றது, பாதி ஊர் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றது, இரண்டு பாதியும் தெருவில் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டது.

அவளுக்கு ஒரு சோதனை உண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் சர்க்கரை போட்ட காப்பி கொடுப்பாள். காப்பி குடித்துக் கோப்பையைக் கீழே வைக்கும்போது நாங்கள் 'தாயிமே' என்போம்; என்றைக்கும் இருக்கட்டும் என்று அர்த்தம், இந்த வீடும் இந்தக் காப்பியும். துக்க வீட்டில் மட்டும் அந்த வார்த்தை வாயில் வரக் கூடாது. துக்கம் என்றைக்கும் இருக்கட்டும் என்று ஆகிவிடும். அங்கே காப்பி சர்க்கரை இல்லாமல் வரும், 'அல்லாஹ் அவனுக்கு இரங்கட்டும்' என்று சொல்லித்தான் கோப்பையை வைக்க வேண்டும். உம் கினான் சர்க்கரைக் காப்பியைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். கினானின் சித்தப்பா இரங்கட்டும் என்று சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசற்படி அவருக்கு இல்லை.

நாங்கள் இருவரும் 'தாயிமே' என்றோம். அவள் முகத்தின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"ரெண்டு பேருமே டாக்டரா? என்ன டாக்டர்?"

"நான் பல் டாக்டர். இவ சொல் டாக்டர்," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு விஜ்தானுக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். "சொல் டாக்டர், நல்லாச் சாப்பிடுங்க, எலும்பா இருக்கீங்க. சொல்லு சோறு போடாதோ?"

பல தடவை போனோம். சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக நின்று, திரும்பி அனுப்பப்பட்டு, மறுபடி போனோம். விஜ்தான் பதிவுக் கருவியை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கேள்வியே கேட்க மாட்டாள். உம் கினான் பீன்ஸ் ஆய்ந்துகொண்டே பேசுவாள். மலையூர்ப் பேச்சு, எங்கள் மொழியின் 'க' எல்லாம் 'ச்ச' ஆகிவிடும். மகன் பெயரையே "ச்சினான், ச்சினான்" என்றுதான் சொல்வாள்.

"ச்சினானுக்கு மீன் ஆவாது. முள்ளுன்னா பயம். கல்லை அறுக்குறவன், ஒரு முள்ளுக்குப் பயப்படுறான் பாருங்க."

பயப்படுறான். விஜ்தான் தலையைக் குனிந்து அதைக் குறித்துக்கொள்வாள். அந்த வீட்டில் எல்லாமே நிகழ்காலத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அவனுடைய சட்டைகள் துவைத்து மடித்து அலமாரியில் இருந்தன, தடித்த காப்பி நிற மேல்கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கியது, பனிக்காலம் வரப்போகிறது என்று அதற்குப் புதுப் பொத்தான் தைத்து வைத்திருந்தாள். அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது அந்த நிகழ்காலம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அதை உருவினால் அவள் விழுந்துவிடுவாள்.

மழை ஆரம்பித்த ஒரு பகலில் விஜ்தான் என் மருத்துவமனைக்கு வந்தாள். நோயாளி உட்காரும் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

"எந்தப் பல்லு?" என்றேன்.

"அவன் செத்துட்டான், அக்கா."

ஆராய்ச்சிக்காக ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவரிடம் அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பேச்சோடு பேச்சாக, கினான் சுடப்பட்ட அந்தச் சந்திப்பைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். ஓடிப்போய்க் குனிந்து பையனின் கழுத்தில் கை வைத்தாராம். துடிப்பு இல்லை. அதற்குள் துப்பாக்கியைக் காட்டி விரட்டிவிட்டார்கள். வெளியே சொன்னால் தன் வேலையும் போகும், தானும் உள்ளே போக வேண்டியிருக்கும், சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள் என்று கேட்டிருக்கிறார். இவளும் பண்ணியிருக்கிறாள்.

"எவ்வளவு நேரம் கை வச்சாராம்?"

"கொஞ்ச நேரம்."

"கையுறை போட்டிருந்தாரா?"

"அக்கா, நீ போலீஸா?"

"ஓடி வந்தவன் கையில அவனோட துடிப்பே அடிக்கும்டி. மத்தவன் துடிப்பு எங்கேருந்து தெரியும்?" அப்படிக் கேட்டேனே தவிர, நானும் நம்பினேன். போனில் வந்த சாவு, நாலு பேர் பார்த்த ஸ்ட்ரெச்சர், இப்போது இந்தக் கழுத்து. நம்பாமல் இருப்பதற்கு நான் அவன் தாய் இல்லையே.

"அவகிட்ட சொல்லிடு," என்றேன்.

"சத்தியம் பண்ணியிருக்கேன். அதைவிடு. எந்த வாயால சொல்றது? என்னைப் பார்த்தா அந்தப் பொம்பளை சிரிக்கிறா, அக்கா. வேற யாரைப் பார்த்தும் சிரிக்கிறதில்லை."

சொல்வதில்லை என்று முடிவு பண்ணினோம். போகாமலே இருந்துவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. போன வாரம் ஏன் வரலை என்று மகள் போன் பண்ணினாள். போனோம்.

அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள் உம் கினான். பிள்ளை எங்கே என்று கேட்டு வழக்கறிஞர் மறுபடி மனுப் போட்டிருக்கிறாராம். மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விஜ்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்தாள். எத்தனை துக்க வீடுகளில் எத்தனை கோப்பை குடித்தவள். குடித்து முடித்துக் கோப்பையைத் தட்டில் வைத்தாள். வைக்கும்போது அவள் வாய், அவளைக் கேட்காமல், தானாகச் சொன்னது.

"அல்லாஹ் அவனுக்கு இரங்கட்டும்."

காப்பியில் சர்க்கரை இருந்தது. என் நாக்கில் அந்த இனிப்பு இன்னும் இருந்தது. கடவுளே, அவள் சொன்னது எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

நான் முந்திக்கொண்டேன். "அவ எங்க அப்பாவை நெனைச்சுச் சொல்றா. இன்னைக்கு அவரோட நெனைவு நாள்." பச்சைப் பொய். எங்கள் அப்பா போனது வெயில் காலத்தில்.

உம் கினான் என் பக்கம் திரும்பவே இல்லை. விஜ்தானையே பார்த்தாள். ஊர்க்காரர்கள் சொன்னால் தள்ளிவிடலாம், அவர்கள் களைத்துப்போய்ச் சொல்கிறவர்கள். இவள் களைத்தவள் இல்லை. இவள் வார்த்தையை எடை போட்டுப் பேசுகிறவள், சொல் டாக்டர்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

விஜ்தான் வாயைத் திறந்தாள். கண் மட்டும் நிறைந்து வழிந்தது. அதற்குமேல் அந்தத் தாய்க்கு என்ன சாட்சி வேண்டும்?

மகள் வாசலில் தட்டோடு நின்றாள். பிறகு உம் கினான் மடியிலிருந்த பீன்ஸைத் தட்டிவிட்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "நல்ல புள்ளையா இருந்தான் ச்சினான்."

இருந்தான்.

இத்தனை வருஷமாக என் தங்கை தேடிக்கொண்டிருந்த வார்த்தை. ஒரு தாய் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிற கணம், அதுவும் பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது. விஜ்தானின் கண் தன்னை மீறி அந்தச் சிவப்பு விளக்குக்குப் போனதை நான் பார்த்தேன். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். உடனே அதை அணைத்தாள். அவளை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன், அவளுடைய முகம் அப்படி இல்லாமல் இருந்திருந்தால்.

திரும்பும்போது வண்டியில், "வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுறதுன்னு சொல்வாங்க. நீ வேலைப் பாய்ச்சிட்டு அது எவ்வளவு ஆழம் போச்சுன்னு அளந்து பார்த்தே," என்றேன். சொல்லியிருக்கவே கூடாது நான்.

மறுநாள் உம் கினான் துக்க வீடு திறந்தாள். உடல் இல்லாத துக்க வீடு. பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், பேரீச்சம்பழமும் கசப்புக் காப்பியும் சுற்றி வந்தன, சித்தப்பாவுக்கு வாசற்படி திரும்பக் கிடைத்தது. நாங்களும் போனோம். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து விஜ்தானின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. துக்கம் முடிந்ததும் கினானின் துணிகளை இல்லாதவர்களுக்குப் புண்ணியமாகக் கொடுத்தாள். மகள் போனில் சொன்னாள்: "அம்மா இப்போ ராத்திரி தூங்குறாங்க." அதைக் கேட்டு நான் ஆறுதலே அடைந்தேன். நாக்கு புரண்டதும் ஒரு நல்லதுக்குத்தான் என்று தங்கையிடம் சொன்னேன். எனக்கென்ன, பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சை வைத்து அனுப்புகிறவளுக்கு அப்படித்தானே தோன்றும்.

விஜ்தான் அந்தப் பதிவைக் கேட்கவே இல்லை. ஆனால் ஆராய்ச்சியையும் விடவில்லை. வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பார்க்கப் போனாள். பனிக்காலத்தின் நடுவில், கலீல் நகரத்துக்காரர் ஒருவர், பாஸில் என்று பெயர், எங்களுக்கு எதிரே உட்கார்ந்து சிகரெட்டு மேல் சிகரெட்டாகப் பிடித்துக்கொண்டு சிறை மருத்துவப் பகுதியைப் பற்றிச் சொன்னார். அவருக்கு வயிற்றுப் புண்ணுக்காகச் சில நாள் அங்கே இருக்க வேண்டி வந்ததாம்.

"பக்கத்து அறையில ஒரு பையன். மொகத்தைப் பார்க்கலை. வயித்துல குண்டு. மயக்கமும் முழிப்புமா கெடந்தான். மலையூர்ப் பையன்னு நெனைக்கிறேன், பேச்சு ஒரு தினுசா இருந்துச்சு. பேரு கேட்டேன், செவுத்துக்கு இந்தப் பக்கத்துலேருந்து. சினான்னு சொன்னான்."

விஜ்தானின் பேனா நின்றது.

"சினானா? நல்லா நெனைச்சுப் பாருங்க. சினானா, ச்சினானா?"

"என்னம்மா ரெண்டும் ஒண்ணுதானே. சினான்."

"அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்களேன்."

"சி-னான்." அவர் நகரத்து நாக்கால் அழகாகச் சொன்னார். "அப்புறம் ஒருநாள் சத்தம் இல்லை. வேற எடத்துக்குக் கொண்டு போனாங்களோ, முடிஞ்சுபோனானோ, யாருக்குத் தெரியும்."

சினான் என்றும் பெயர் உண்டு. சாதாரணமான பெயர்தான், எங்கள் தெருவிலேயே ஒருவன் இருக்கிறான். சினான் என்கிற பையன் ஒருவன் குண்டடிபட்டு அங்கே கிடந்திருக்கலாம். அல்லது தெய்ர் லவ்ஸ் ஊரில் பிறந்து 'க' வராத நாக்கோடு கினான் தன் பெயரைச் சொல்லியிருக்கலாம், அதைக் கலீல்காரர் தன் காதுக்குத் தெரிந்த பெயராகக் கேட்டிருக்கலாம். ஓர் எழுத்து. ஒரு பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது ஓர் எழுத்தில் வந்து நின்றது. என் தங்கை படித்த படிப்பு முழுவதும் அந்த எழுத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

வழக்கறிஞரிடம் சொன்னோம். அவர் இரண்டு பெயரையும் போட்டுச் சிறை அதிகாரிகளிடம் கேட்டார். இரண்டு பெயருக்குமே பதில் வரவில்லை.

"சொல்லாதே," என்றேன் இந்தத் தடவை. "அவ தூங்குறா. விட்டுடு. அது வேற யாரோ சினான். அந்த ஆம்புலன்ஸ்காரர் கழுத்துல கை வச்சுப் பார்த்திருக்கார்."

"கையுறை போட்டிருந்தாரான்னு நீதானே கேட்டே."

"கேட்டேன்தான். வாயில வந்ததை எல்லாம் கேக்குறவதானே நான்!"

"அக்கா, போன தடவை தெரியாம சொல்லி அவனைக் கொன்னேன். இப்போ தெரிஞ்சே மறைச்சா, அவன் உயிரோட இருந்து, கேக்க ஆளில்லாம கெடந்தான்னா? அவன் அம்மாவே அழுது முடிச்சுட்டான்னு ஊரே கேக்குறதை நிறுத்திடுச்சு. மனு போடுறதைக்கூட நிறுத்திட்டாங்க. நான்தானே நிறுத்தினேன்?"

சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம் என்று ஒரு மனுஷியைக் கொண்டுவந்து நிறுத்துகிற நாட்டில் பிறந்திருக்கிறோம், வேறென்ன. வண்டிச் சாவியை எடுத்தேன்.

மலையில் காற்று அறைந்துகொண்டிருந்தது. உம் கினான் எங்களை அடுப்புப் பக்கம் உட்கார வைத்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகம் தெளிந்திருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொன்னாள். விஜ்தான் காப்பி வேண்டாம் என்றாள், கருவியை வெளியே எடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல்: பக்கத்து அறை, வயிற்றில் குண்டு, முகம் தெரியாது, மலையூர்ப் பேச்சு மாதிரி, பிறகு சத்தம் இல்லை, சினான்.

"நிச்சயம் இல்லை, உம் கினான். எதுவுமே நிச்சயம் இல்லை. வேற ஒரு பையனா இருக்கலாம். அவனா இருந்தாலும் இப்போ..."

"எந்த ஊர்க்காரர் சொன்னது?"

"கலீல்."

"அவங்களுக்கு நம்ம பேச்சு புரியாது," என்றாள் உம் கினான்.

மகள், "அம்மா, வேணாம்மா," என்று அவள் தோளைப் பிடித்தாள். "வேணாம்மா, நீ நல்லாயிட்டு வர்றே." உம் கினான் அந்தக் கையை மெதுவாக எடுத்து மகளின் மடியிலேயே வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எங்கள் மேல் கோபமும் வரவில்லை. நான் எதிர்பார்த்தது அந்தக் கோபத்தைத்தான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம். அவள் எழுந்து கதவுக்குப் பின்னால் பார்த்தாள். வெறும் ஆணி.

"இந்தக் குளிர்ல வந்தான்னா என்னத்தைப் போட்டுக்குவான்?"

வீட்டு உடையோடு, தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியே நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

மேல்கோட்டு, தெருக்கோடியில் இருந்த அபூ ஜமீலிடம் இருந்தது. வேலை இல்லாத மனிதர், அப்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் சுவரோரமாக நின்று புகைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் நின்றாள்.

"அண்ணே, அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க."

அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "துவைச்சு நாளைக்குக் கொண்டாந்து தர்றேனே, தங்கச்சி."

"இப்பவே குடுங்க. அவனுக்குக் குளிர் ஆவாது."

அவர் சிகரெட்டைப் போட்டார். ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றினார். பையிலிருந்து தன் சாவியையும் ஒரு கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டு, கோட்டை உதறி அவளிடம் நீட்டினார். மெல்லிய சட்டையோடு அந்தக் காற்றில் நின்றார். அவள் அதைக் கவனிக்கவில்லை, கோட்டின் பொத்தான்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. பைத்தியம் என்று சொன்ன பாதி ஊரும் நியாயம் என்று சொன்ன பாதி ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விஜ்தான் அவள் கையைப் பிடித்து, "உம் கினான், வாங்க, வீட்டுக்குப் போகலாம், நான்தான் தப்பு பண்ணிட்டேன்," என்று கெஞ்சினாள். "சட்டை ரெண்டு கீழ்த்தெருவுல இருக்கு," என்றாள் அவள். கையை உருவிக்கொண்டு நடந்தாள்.

சட்டைகள் கிடைத்தன. கடைசியாக ஒரு வீடு, ஐந்து பிள்ளைகளோடு கஷ்டப்படுகிற ஒரு கைம்பெண். கறுப்புக் கால்சட்டை அவளிடம்தான் போயிருந்தது. வாசலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது அவளுக்கு. உள்ளே போய் எடுத்துவந்தாள், கொடுக்காமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, சின்னவனுக்காகக் காலைக் குறைச்சுத் தச்சுட்டேன், அக்கா."

"மடிச்சுத்தானே தச்சே? பிரிச்சா நீளம் வந்துடும்."

அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். பிறகு, "ஆமாக்கா, மடிச்சுத்தான்," என்றாள்.

உம் கினான் கால்சட்டையை வாங்கி, கால் விளிம்பைத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது. உள்ளே மடிப்பு இல்லை. ஒரு சாண் துணியை வெட்டி எடுத்திருந்தார்கள்.

அவள் விளிம்பைப் பழையபடி சரிசெய்தாள். கால்சட்டையை நாலாக மடித்துக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லை," என்றாள். "மெலிஞ்சு குறுகித்தான் வருவான்."